ஜிஆர்பிசி-வெப்: டோக்கன் காலாவதியானால் 16 வராமல் 2 வருகிறது, ஏன்?

நூலிழை:

வணக்கம். பிரவுசரில் இருந்து ஜிஆர்பிசி-வெப் (சர்வரில் உள்ள செயல்களைத் தொலைவிலிருந்து அழைக்கும் ஜிஆர்பிசியின் பிரவுசர் வடிவம்) அழைப்புகள், நடுவில் அவற்றை வாங்கிக் கடத்தும் என்வாய் பிராக்ஸி, அதற்குப் பின்னால் கோ மொழியில் எழுதிய சர்வர். ஆத்தரைசேஷன் ஹெடரில் ஜேடபிள்யூடி டோக்கன் (பயனர் யார் என்று சொல்லும், கையொப்பமிட்ட சான்று) போகிறது. அதைச் சரிபார்ப்பது, ஒவ்வொரு அழைப்பையும் முதலில் பிடித்துப் பார்க்கும், சர்வரில் உள்ள இன்டர்செப்டர்.

டோக்கன் செல்லுபடியாகும் வரை எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. காலாவதியானதும் சர்வர் 16 (அன்ஆதென்டிகேட்டட்) அனுப்புகிறது, லாகில் தெளிவாக இருக்கிறது. ஆனால் கிளையன்ட் கால்பேக்கில் வந்து சேர்வது குறியீடு 2 (அன்னோன்), செய்தி ‘இன்கம்ப்ளீட் ரெஸ்பான்ஸ்’. டெவ்டூல்ஸில் நெட்வொர்க் டேபைத் திறந்தால் எச்டிடிபி நிலை 200, ரெஸ்பான்ஸ் ஹெடர்களில் ‘ஜிஆர்பிசி-ஸ்டேட்டஸ்: 16’ கண்ணெதிரே இருக்கிறது. கர்ல் என்ற கட்டளை வரிக் கருவியில் அடித்தாலும் 16 தெரிகிறது. ஜாவாஸ்கிரிப்டுக்கு மட்டும் தெரியவில்லை.

ஸ்டேஜிங்கில் டோக்கன் சரிபார்ப்பை என்வாயின் ஜேடபிள்யூடி ஃபில்டருக்கு மாற்றிப் பார்த்தோம். அங்கே எல்லா அழைப்புகளும் ‘எச்டிடிபி ஸ்டேட்டஸ் கோட்: 0’ என்று விழுகின்றன, டோக்கன் புதிதாக இருந்தாலும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். 16 ஒழுங்காக வந்துவிட்டால் டோக்கனைப் புதுப்பித்து அழைப்பைத் திரும்ப அனுப்பலாம் என்று திட்டம். முகப்புப் பக்கம் திறந்தவுடன் ஏழெட்டு அழைப்புகள் ஒரே நேரத்தில் போகும். இதை எப்படிச் செய்வது முறை?

---

கடைமடை:

முதல் கேள்விக்கு: உங்கள் என்வாயின் கோர்ஸ் (ஒரு தளத்தின் ஸ்கிரிப்ட் வேறு தளத்தின் பதிலைப் படிக்கலாமா என்று பிரவுசருக்குச் சொல்லும் விதிகள்) அமைப்பில் ‘எக்ஸ்போஸ்-ஹெடர்ஸ்’ பட்டியல் விட்டுப்போயிருக்கிறது. அதில் ஜிஆர்பிசி-ஸ்டேட்டஸ், ஜிஆர்பிசி-மெசேஜ் இரண்டையும் சேருங்கள். பிழை விவரங்களைப் பைனரியாக அனுப்புகிறீர்கள் என்றால் ஜிஆர்பிசி-ஸ்டேட்டஸ்-டீடெய்ல்ஸ்-பின் என்பதையும் சேருங்கள்.

வெற்றியான அழைப்பு இது இல்லாமலே எப்படி ஓடியது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது, இல்லையென்றால் இதே தொல்லை வேறு உருவத்தில் வரும். ஜிஆர்பிசியில் நிலைக் குறியீடு பதிலின் கடைசியில், டிரெய்லரில் வரும். பிரவுசரின் ஜாவாஸ்கிரிப்டால் எச்டிடிபி டிரெய்லரைப் படிக்க முடியாது. அதனால் ஜிஆர்பிசி-வெப்பில் டிரெய்லரையே பாடிக்குள் கடைசி ஃபிரேமாக வைத்து அனுப்புகிறார்கள். அந்த ஃபிரேமின் முதல் பைட்டில் உச்ச பிட் 1, அதாவது 0x80, இருந்தால் அது டேட்டா இல்லை, டிரெய்லர் என்று கிளையன்ட் புரிந்துகொள்ளும். பாடியில் இருப்பதைப் படிக்க எந்த ஹெடர் அனுமதியும் தேவையில்லை.

டோக்கன் பிழையின் பாதை வேறு. இன்டர்செப்டர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது, பாடி என்று ஒன்றுமே இல்லை. அப்போது ஹெடரும் டிரெய்லரும் ஒன்றாகி, ‘டிரெய்லர்ஸ்-ஒன்லி’ என்ற வடிவில், நிலைக் குறியீடு சாதாரண எச்டிடிபி ஹெடராகவே வந்துவிடும். வேறு ஆரிஜினில் (தள முகவரியில்) இருந்து வந்த பதிலில், எக்ஸ்போஸ் பட்டியலில் இல்லாத ஹெடரைப் பிரவுசர் ஸ்கிரிப்டுக்குக் காட்டாது. டெவ்டூல்ஸ் காட்டும், ஏனென்றால் அது ஸ்கிரிப்ட் இல்லை. கர்லுக்குக் கோர்ஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆக கிளையன்ட் நூலகம் பார்ப்பது: நிலை 200, பாடி காலி, குறியீடு எங்கும் இல்லை. அதனால்தான் 2, ‘இன்கம்ப்ளீட் ரெஸ்பான்ஸ்’.

பட்டியலில் வெறும் நட்சத்திரக் குறி போட்டுத் தப்பிக்கலாம் என்று தோன்றும். குக்கியோடு அனுப்பும் அழைப்புகளில் அந்த நட்சத்திரம் வைல்டுகார்டாக வேலை செய்யாது, அந்தப் பெயரில் ஒரு ஹெடர் இருப்பதாக எடுத்துக்கொள்ளப்படும். பெயர்களை எழுதிவிடுவதே மேல்.

---

வெண்கலமணி:

கடைமடை சொன்னது சரி. நிலை 0 வருவது தனி விஷயம். பதிலையே பிரவுசர் ஸ்கிரிப்டிடம் கொடுக்க மறுத்துவிட்டது என்று அர்த்தம். உங்கள் வர்ணனைப்படி பார்த்தால் ஃபில்டர் வரிசை தலைகீழாக இருக்கிறது.

உண்மையான அழைப்புக்கு அனுமதி உண்டா என்று கேட்க, பிரவுசர் முதலில் ஆப்ஷன்ஸ் என்ற பிரீஃப்ளைட் கோரிக்கையை அனுப்பும். அதில் ஆத்தரைசேஷன் ஹெடர் ஒருபோதும் இருக்காது, விதியே அப்படி. ஜேடபிள்யூடி ஃபில்டர் முன்னால் நின்றால் அந்த ஆப்ஷன்ஸுக்கு 401 கொடுத்துவிடும். பிரீஃப்ளைட்டுக்கு 200 முதல் 299 வரையிலான நிலை வந்தால்தான் அடுத்த படி. எனவே புது டோக்கன் இருந்தாலும் உண்மையான அழைப்பு கிளம்பவே கிளம்பாது.

எச்டிடிபி ஃபில்டர்களின் வரிசை இப்படி இருக்க வேண்டும்: ஜிஆர்பிசி-வெப், கோர்ஸ், ஜேடபிள்யூடி, கடைசியில் ரவுட்டர். கோர்ஸ் முன்னால் இருப்பதற்கு இரண்டாவது காரணமும் உண்டு. கோரிக்கை உள்ளே வரும்போது கோர்ஸ் ஃபில்டர் ஆரிஜினைப் பார்த்துக் குறித்துக்கொண்டால்தான், பதில் வெளியே போகும்போது அனுமதி ஹெடர்களைச் சேர்க்கும். ஜேடபிள்யூடி ஃபில்டர் அதற்கு முன்பே மறுத்துவிட்டால், அந்த மறுப்பில் கோர்ஸ் ஹெடர் எதுவும் இருக்காது. பிரவுசர் அதையும் மறைத்து 0 என்று சொல்லும்.

வரிசையை மாற்றிய பிறகும் ஆப்ஷன்ஸுக்கு 401 வந்தால் ஆரிஜின் பொருத்தத்தைப் பாருங்கள். அனுமதித்த ஆரிஜின்களோடு பொருந்தாத பிரீஃப்ளைட்டை என்வாயின் கோர்ஸ் ஃபில்டர் தானே முடித்துவைப்பதில்லை, அடுத்த ஃபில்டருக்குத் தள்ளிவிடும். அங்கே 401 விழும். போர்ட் எண், எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா என்பது எல்லாமே ஆரிஜினின் பகுதி.

அனுமதி ஹெடர்கள் பட்டியலில் ஆத்தரைசேஷன், கன்டென்ட்-டைப், எக்ஸ்-ஜிஆர்பிசி-வெப், எக்ஸ்-யூசர்-ஏஜென்ட், ஜிஆர்பிசி-டைம்அவுட் எல்லாம் இருக்கட்டும். இங்கே நட்சத்திரம் போட்டாலும் ஆத்தரைசேஷன் அதில் அடங்காது, அதைப் பெயர் சொல்லியே எழுத வேண்டும். ஜிஆர்பிசி-வெப் அறிமுக எடுத்துக்காட்டில் இருக்கும் என்வாய் கோப்பை அப்படியே எடுத்தவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். அந்த எடுத்துக்காட்டில் டோக்கன் கிடையாது, ஆகவே பட்டியலில் ஆத்தரைசேஷனும் கிடையாது.

சோதிக்கும்போது கவனம்: பிரீஃப்ளைட் பதில் பிரவுசரில் தேங்கியிருக்கும். அதே எடுத்துக்காட்டுக் கோப்பில் ‘மேக்ஸ்-ஏஜ்’ 1728000 வினாடி, அதாவது 20 நாள். குரோம் எவ்வளவு சொன்னாலும் 2 மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது, ஃபயர்ஃபாக்ஸ் 24 மணி நேரம். திருத்தியபின் இன்காக்னிட்டோ ஜன்னலில் பாருங்கள், இல்லையென்றால் பழைய பதிலோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருப்பீர்கள். ஸ்டேஜிங்கில் மேக்ஸ்-ஏஜை 5 வினாடியாக வைத்துவிடுவது எளிது.

கர்லில் சோதிப்பதாக இருந்தால் ஆப்ஷன்ஸையே அனுப்புங்கள். மூன்று ஹெடர் போதும்: ஆரிஜின், ஆக்சஸ்-கன்ட்ரோல்-ரிக்வெஸ்ட்-மெத்தட் போஸ்ட், ஆக்சஸ்-கன்ட்ரோல்-ரிக்வெஸ்ட்-ஹெடர்ஸில் நீங்கள் அனுப்பப்போகும் பெயர்கள். டோக்கன் வைக்காதீர்கள்.

---

தூரிகை:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

ஏழெட்டு அழைப்புகள் ஒன்றாக 16 வாங்கினால் ஏழெட்டுப் புதுப்பிப்புகள் கிளம்பும். ரிஃப்ரெஷ் டோக்கனை (புது டோக்கன் வாங்கக் காட்டும் டோக்கனை) ஒவ்வொரு முறையும் மாற்றித் தரும் சர்வராக இருந்தால் இது வெறும் வீண்வேலையோடு நிற்காது. முதல் கோரிக்கை பழைய ரிஃப்ரெஷ் டோக்கனைச் செலவழித்துவிடும். அதே டோக்கனோடு இரண்டாவது வரும்போது திருட்டு என்று கருதி முழு செஷனையும் ரத்து செய்யும் சர்வர்கள் உண்டு, அது பாதுகாப்புக்காகவே அப்படி வைத்திருப்பது. பயனர் சும்மா பக்கத்தைத் திறந்ததற்கு வெளியே தள்ளப்படுவார்.

எனவே புதுப்பிப்புக்கு ஒரே ஒரு பிராமிஸ் (இன்னும் முடியாத வேலையின் முடிவுக்குக் காத்திருக்க உதவும் ஜாவாஸ்கிரிப்ட் பொருள்). கிளையன்ட் இன்டர்செப்டரில் 16 வந்ததும், நடந்துகொண்டிருக்கும் புதுப்பிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்குக் காத்திருங்கள், இல்லாவிட்டால் தொடங்குங்கள், முடிந்ததும் பிராமிஸைக் காலி செய்யுங்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தாமதமாக வந்த 16, பழைய டோக்கனோடு போன அழைப்பின் பதிலாக இருக்கலாம். அந்த அழைப்பு எந்த டோக்கனோடு போனது என்று குறித்து வையுங்கள். இப்போது கையில் இருப்பது வேறு டோக்கன் என்றால் புதுப்பிக்காமல் நேரே திரும்ப அனுப்புங்கள்.

ஒரே ஆளுக்கு நாலு டேப் திறந்திருந்தால் பிராமிஸ் போதாது, ஒவ்வொரு டேபுக்கும் தனித்தனி நினைவகம். பிரவுசரின் வெப் லாக்ஸ் வசதியால் ஒரு பூட்டைப் பெற்று, உள்ளே நுழைந்ததும் சேமிப்பில் புது டோக்கன் ஏற்கெனவே வந்துவிட்டதா என்று மறுபடி பார்த்துவிட்டே கோரிக்கை அனுப்புங்கள்.

மறுமுயற்சி ஒரு அழைப்புக்கு ஒரு தடவை மட்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. என்வாயால் கையொப்பச் சாவிகளை இறக்க முடியாமல் போனாலும் 401தான் தருகிறது. டோக்கனில் எந்தக் குறையும் இல்லை, எத்தனை தடவை புதுப்பித்தாலும் அதே பதில். வரம்பு இல்லாத கிளையன்ட் அந்த நேரத்தில் லாகின் சர்வரையும் சேர்த்துச் சாய்த்துவிடும். இரண்டாவது 16 வந்தால் நிறுத்துங்கள், லாகின் பக்கத்துக்கு அனுப்புங்கள்.

7 (பெர்மிஷன் டினைட்) வந்தால் புதுப்பிக்கவே வேண்டாம். ஆள் யார் என்று தெரிந்தபின் அனுமதி இல்லை என்பதே 7.

காலாவதிக்கு முன்பே, 60 வினாடி இருக்கும்போது, புதுப்பித்துவிட்டால் பெரும்பாலான 16 வரவே வராது. ஆனால் டோக்கனுக்குள் இருக்கும் காலாவதி நேரத்தைப் பயனரின் கணினிக் கடிகாரத்தோடு ஒப்பிடாதீர்கள். கடிகாரம் பத்து நிமிடம் பிந்தி ஓடும் கணினிகள் ஏராளம். டோக்கனோடு சர்வர் தரும் ‘எக்ஸ்பயர்ஸ்-இன்’ வினாடிகளை, டோக்கன் வந்த கணத்திலிருந்து எண்ணுங்கள். சர்வர் பக்கத்தில் என்வாயின் ஜேடபிள்யூடி ஃபில்டர் இயல்பாகவே 60 வினாடி விலகலைப் பொறுத்துக்கொள்ளும். கோ இன்டர்செப்டரில் அந்தச் சலுகையை நீங்கள்தான் வைக்க வேண்டும்.

---

நூலிழை:

எக்ஸ்போஸ் பட்டியலைச் சேர்த்ததும் 16 வந்துவிட்டது, ஃபில்டர் வரிசையும் மாற்றியாயிற்று. மூவருக்கும் மிக்க நன்றி. ஒரு சந்தேகம்: ஆர்டர் உருவாக்கும் அழைப்புக்கு 16 வந்தால் திரும்ப அனுப்புவது ஆபத்தில்லையா? ஒரே ஆர்டர் இரண்டு தடவை பதிவாகிவிடாதா?

---

கடைமடை:

வாசலில் இருந்து வந்த 16 என்றால் ஆபத்தில்லை. ஹேண்ட்லர் (உண்மையான வேலையைச் செய்யும் சர்வர் நிரல்) ஓடவே இல்லை, எதுவும் எழுதப்படவில்லை. ஆபத்து, உள்ளே இருந்து வரும் 16இல் இருக்கிறது. உங்கள் ஆர்டர் ஹேண்ட்லர் தரவுத்தளத்தில் எழுதிவிட்டு, பிறகு கட்டணச் சேவையை இன்னொரு ஜிஆர்பிசி அழைப்பால் கூப்பிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சேவைக்குப் போன சர்வர் டோக்கன் காலாவதியாகி 16 வருகிறது. கோவில் வந்த எர்ரரை அப்படியே ரிட்டர்ன் செய்தால் அந்த 16 நேராகப் பிரவுசர் வரை போகும். பிரவுசர் தன் டோக்கன்தான் கெட்டது என்று நினைத்து, புதுப்பித்து, திரும்ப அனுப்பும். இரண்டாவது ஆர்டர் விழும்.

ஆகவே உள்சேவைகளில் இருந்து வரும் 16ஐ வெளியே விடாதீர்கள், 13 (இன்டர்னல்) ஆக மாற்றுங்கள். பயனரின் டோக்கனையே உள்சேவைக்குக் கடத்துகிறீர்கள் என்றால் 16 உண்மையாகவே பயனருடையதாக இருக்கலாம். அங்கே பிழை விவரத்தில் காரணத்தைத் தனிக் குறியாக வைத்து, அதை மட்டும் பார்த்து மறுமுயற்சி செய்யுங்கள். ஜிஆர்பிசி-மெசேஜில் இருக்கும் வாக்கியத்தை ஒப்பிட்டு முடிவெடுக்க வேண்டாம், யாராவது ஒரு சொல்லை மாற்றினால் உடையும். இதற்கு மேலாக ஆர்டர் அழைப்பில் கிளையன்ட் உருவாக்கிய ஒரு கோரிக்கை எண்ணை வைத்து, தரவுத்தளத்தில் அதற்கு யூனிக் கட்டுப்பாடு போடுங்கள். நெட்வொர்க் நடுவில் அறுந்தாலும் அது காப்பாற்றும்.

---

வெண்கலமணி:

இதோடு தொடர்புள்ள இன்னும் இரண்டு.

வெளி அங்கீகாரச் சேவையை என்வாயின் எக்ஸ்ட்-ஆத்ஸ் ஃபில்டரால் கூப்பிடத் திட்டம் இருந்தால், அந்தச் சேவை செத்துக் கிடக்கும்போது இயல்பாகத் தருவது 403. கிளையன்டுக்கு அது 7 ஆகத் தெரியும், ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்ற செய்தி எல்லாப் பயனருக்கும் போகும். ‘ஸ்டேட்டஸ்-ஆன்-எர்ரர்’ அமைப்பை 503 ஆக்கினால் 14 (அன்அவைலபிள்) வரும், சற்றுப் பொறுத்து முயலலாம் என்று கிளையன்டுக்கும் தெரியும்.

மற்றது லாகின் ரீடைரக்ட். முன்னால் ஏதாவது எஸ்எஸ்ஓ (ஒரே லாகினில் பல தளங்கள்) கேட்வே இருந்தால், செஷன் முடிந்ததும் அது 302 (வேறு முகவரிக்குப் போ) கொடுக்கும். பிரவுசர் சத்தமில்லாமல் பின்தொடர்ந்து லாகின் பக்கத்தின் எச்டிஎம்எல்லை 200 நிலையோடு கொண்டுவரும். ஜிஆர்பிசி-வெப் கிளையன்ட் ‘அன்னோன் கன்டென்ட்-டைப்’ என்று கத்தும். லாகின் பக்கம் வேறு டொமைனில் இருந்தால் கோர்ஸ் தடுத்து மறுபடியும் அதே 0. கன்டென்ட்-டைப் ‘அப்ளிகேஷன்/ஜிஆர்பிசி-வெப்’ என்று தொடங்கும் கோரிக்கைகளுக்கு ரீடைரக்ட் வேண்டாம், 401 மட்டும் கொடு என்று கேட்வேயில் விதி எழுதிவிடுங்கள். அந்த 401இலும் கோர்ஸ் ஹெடர்கள் இருக்கின்றனவா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.