உள்நாட்டு டர்ன்டேபிள் வாங்குவது காதுக்காகவா, நாட்டுக்காகவா?

தட்டுப்பிரியன்:
இசைத்தட்டைச் சுழற்றிப் பாடவைக்கும் உயர்தர டர்ன்டேபிள் ஒன்று வாங்கப் பல மாதங்களாகச் சேமித்து வருகிறேன். கடைசியில் இரண்டு தேறின. ஒன்று உலகப் பெயர் பெற்ற வெளிநாட்டுக் கருவி. மற்றது என் நாட்டிலேயே ஆறு பேர் வேலை செய்யும் பட்டறையில் கடைந்து, பொருத்தி, சோதித்து அனுப்புவது. நான் இரண்டாவதைத்தான் எடுக்கப் போகிறேன். "உள்நாட்டுப் பொருள் என்பதற்காக வாங்குவது வெறும் உணர்ச்சி" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

அந்தப் பட்டறைக்குப் போயிருந்தேன். இசைத்தட்டு உட்காரும் பிளாட்டரைத் தாங்கும் எஃகுத் தண்டைப் பித்தளைக் குழலுக்குள் விட்டார்கள். தண்டும் குழலும் சேர்ந்ததுதான் பேரிங். தண்டு விழவில்லை. உள்ளே அடைபட்ட காற்று வெளியேற வெளியேற, அது மெல்ல மெல்ல இறங்கியது. கடைந்தவர் பக்கத்திலேயே நின்று, தண்டு அடியைத் தொடும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டு வீட்டில் இருக்கப் போகிற கருவியைச் செய்தவரை நேரில் தெரியும் என்பது எனக்குப் பெரிய விஷயம். ஸ்காட்லாந்தின் லின் நிறுவனம் 1970-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த சோன்டெக் எல்பி12 டர்ன்டேபிளை இன்றும் செய்கிறது. அன்று வாங்கியவர்கூட பேரிங், மோட்டார், மின்வழங்கி என்று ஒவ்வொன்றாக மாற்றி அதை இன்றைய நிலைக்குக் கொண்டுவரலாம். செய்பவர் அருகில் இருந்தால்தான் இப்படிப்பட்ட உறவு வளரும்.

அளவுகோல்:
தண்டு இறங்கிய அழகை நானும் ரசிப்பேன், நண்பரே. அது கடைந்தவரின் திறமைக்குச் சான்று. அவர் எந்த நாட்டுக்காரர் என்பது ஒலியில் எங்கே வருகிறது?

எல்பி இசைத்தட்டு ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி எடுத்துக்கொள்கிறது. அது கூடாமலும் குறையாமலும் பார்த்துக்கொள்வதே டர்ன்டேபிளின் முதல் வேலை. டெக்னிக்ஸ் 1979-இல் வெளியிட்ட எஸ்எல்-1200 எம்கே2-இன் வேகத் தள்ளாட்டம் 0.025 சதவீதம் என்று அறிவித்தார்கள். இப்போது தட்டைப் பாருங்கள். நடுத்துளை 0.2 மில்லிமீட்டர் விலகியிருந்தால் போதும். மையத்திலிருந்து 60 மில்லிமீட்டர் தூரத்தில், அதாவது கடைசிப் பாட்டில், சுருதி 0.33 சதவீதம் ஏறி இறங்கும். கருவியின் பிழையைவிட இது பல மடங்கு. வயலின் ஒரே சுரத்தில் நீண்டு நிற்கும்போது காதே கண்டுபிடித்துவிடும். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானின் நகமிச்சி இதற்கென்றே டிஎக்ஸ்-1000 என்ற கருவியைச் செய்தது. தட்டு எவ்வளவு விலகியிருக்கிறது என்று ஒரு துணைக் கை அளக்கும். பிளாட்டரின் மேல்தளமே நகர்ந்து தட்டை மையத்துக்குக் கொண்டுவரும். உண்மையான சிக்கலைத் தீர்த்த பொறியியல் அது. நீங்கள் உள்நாடா வெளிநாடா என்று தேடும் வேறுபாடு, தட்டின் துளையிலேயே கரைந்துவிடுகிறது.

பழுதுபார்ப்பவள்:
இருபது ஆண்டாக டர்ன்டேபிள் பழுதுபார்க்கிறேன். முதலில் "உள்நாடு" என்றால் என்ன என்று சொல்லுங்கள். புரோ-ஜெக்ட் ஆஸ்திரிய நிறுவனம், ஆனால் கருவிகள் செக் நாட்டின் லிட்டோவெலில் தயாராகின்றன. ஜப்பானிய நிறுவனமான டெக்னிக்ஸின் எஸ்எல்-1200 எம்கே7 மலேசியாவில் தயாராகிறது. இங்கிலாந்தின் ஸ்டெய்னிங்கில் இயங்கும் டர்ன்டேபிள் நிறுவனமான எஸ்எம்இ-யை 2016-இல் வாங்கியது கேடன்ஸ் என்ற இந்தியக் குழுமம். ரேகா நிறுவனம் 1983-இல் கொண்டுவந்த, ஒரே வார்ப்பில் செய்த ஆர்பி300 டோன்ஆர்மை, அதாவது ஊசியைத் தாங்கும் கையை, வேறு எத்தனையோ நிறுவனங்கள் தங்கள் கருவியில் பொருத்தி விற்றன. பெட்டியின் மேல் இருக்கும் நாட்டின் பெயர் கருவியின் பாதிக் கதையைக்கூடச் சொல்லாது.

இப்போது என் மேசையில் இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்று, என் நாட்டுக்காரர் ஒருவர் தனியாளாகச் செய்தது. மிக நல்ல வேலைப்பாடு. அவர் பட்டறையை மூடிவிட்டார். தண்டின் அடியில் இருக்கும் தாங்கு தட்டு தேய்ந்துவிட்டது. அதன் மரை அவரே வகுத்த அளவு, வேறெதுவும் அதில் ஏறாது. வரைபடமும் கிடையாது. மற்றது, 1950-களில் இங்கிலாந்தின் ஸ்விண்டனில் செய்த காரர்ட் 301. அந்த நிறுவனம் 1979-இல் பிரேசில் கைக்குப் போனது, பிறகும் கை மாறியது. ஆனால் ரப்பர் சக்கரம், மோட்டார் ஸ்பிரிங், பேரிங் எண்ணெய் எல்லாம் இன்றும் கிடைக்கின்றன. எத்தனையோ பேரிடம் அது இருப்பதால் உதிரிபாகம் செய்ய ஆட்களும் இருக்கிறார்கள். அருகில் செய்தது அநாதையாகிவிட்டது, கடல் கடந்து வந்தது ஓடிக்கொண்டிருக்கிறது. மனம் கனக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

தட்டுப்பிரியன்:
துளைக் கணக்கை ஏற்கிறேன், அதை நான் யோசித்ததில்லை. ஆனால் கருவி வீட்டுக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதை இருவரும் விட்டுவிட்டீர்கள்.

என் முந்தைய டர்ன்டேபிள் வெளிநாட்டுக் கருவி. மோட்டாரின் மின்வழங்கி பழுதானதும் முழுக் கருவியையும் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். இருபது கிலோவுக்கு மேல் எடை. திரும்பி வந்தபோது மின்வழங்கி சரியாக இருந்தது, ஆனால் பிளாட்டரைக் கழற்றாமலே பெட்டியில் வைத்திருந்தார்கள். வழியெல்லாம் குலுங்கிய அந்த எடை, பேரிங் குண்டைத் தாங்கு தட்டில் அடித்து அடித்துக் குழி போட்டிருந்தது. ஊசியை இறக்கினால் பாட்டுக்கு அடியில் ஒரு மெல்லிய உறுமல். அன்றைக்கு முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கனமான, நுட்பமான பொருள் பயணத்துக்கு ஆகாது. பழுதானால் நானே காரில் வைத்துக் கொண்டுபோகக் கூடிய தூரத்தில் பட்டறை இருப்பது எப்படி வெறும் உணர்ச்சியாகும்?

அளவுகோல்:
உங்களுக்கு நேர்ந்தது கொடுமை. ஆனால் அது பெட்டி கட்டியவரின் குற்றம். அருகில் இருப்பவர் கடைசிவரை இருப்பார் என்பதற்கும் உறுதி இல்லையே. ஷூர் நிறுவனம், ஊசியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் கார்ட்ரிட்ஜின் தயாரிப்பையே 2018-இல் கைவிட்டது. எஸ்எம்இ 2019-இல் டோன்ஆர்மைத் தனியாக விற்பதை நிறுத்தியது. அவர்கள் நாட்டுக்காரர்களுக்கு மட்டும் தனிச்சலுகை எதுவும் கிடைக்கவில்லை.

மெழுகுத்தட்டு:
இத்தனை பேச்சில் ஒன்று விடுபட்டுவிட்டது. எல்பியின் மூலப்பிரதியை வெட்டும் அரக்குத் தட்டை உலகத்தில் இரண்டே ஆலைகள்தான் செய்துகொண்டிருந்தன. 2020 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் இருந்த அப்பல்லோ மாஸ்டர்ஸ் எரிந்து போனது. மிஞ்சியது ஜப்பானில் உள்ள ஒன்று. அதற்கும் ஏதாவது ஆகியிருந்தால்? ஒரு கலை ஓரிரண்டு இடங்களில் மட்டும் உயிரோடு இருப்பது ஆபத்து. பேரிங் கடையத் தெரிந்தவர், டோன்ஆர்ம் செய்யத் தெரிந்தவர், ஊசி பொருத்தத் தெரிந்தவர் என்று ஒவ்வொரு நாட்டிலும் சிலராவது இருக்க வேண்டும். யாராவது வாங்கினால்தான் அவர்கள் இருப்பார்கள்.

அளவுகோல்:
இதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஒலியைப் பற்றிய வாதமாக இதைச் சொல்லாதவரை முழுமையாக ஏற்கிறேன்.

பழுதுபார்ப்பவள்:
தட்டுப்பிரியன் ஐயா, வாங்குவது என்று முடிவானால் முன்பணம் கொடுப்பதற்கு முன் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். பேரிங் குண்டு எங்கும் கிடைக்கும் பொது அளவா? மோட்டார் யாருடையது, அதன் எண் என்ன? பெல்ட்டின் சுற்றளவும் தடிமனும் எவ்வளவு? பட்டறை மூடினால் பேரிங் வரைபடத்தை வாங்கியவர்களுக்குக் கொடுப்பார்களா? கடைசிக் கேள்விக்கு வாய்மொழிப் பதில் போதாது, எழுத்தில் வாங்குங்கள். என் மேசையில் கிடக்கும் கருவியின் சொந்தக்காரர் இதைக் கேட்டிருந்தால் இன்று பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்.

தட்டுப்பிரியன்:
கேட்டேன். குண்டு பொது அளவுதான். மோட்டார் இறக்குமதி என்பதை மறைக்காமல் சொன்னார்கள், எண்ணையும் தந்தார்கள். வரைபடம் பற்றிக் கேட்டதும் சற்று நேரம் பேச்சே இல்லை. மறுநாள் அவர்களே அழைத்து, ஒவ்வொரு கருவியோடும் பேரிங் வரைபடத்தையும் இனி உறையிலிட்டுத் தருவதாகச் சொன்னார்கள். எனக்கு வந்த பெட்டியில் அது இருந்தது.

நேற்று இரவு முதல் தட்டைப் போட்டேன். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டில் டோன்ஆர்மையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் அது இடமும் வலமுமாக லேசாக ஆடுகிறது. அளவுகோல் சொன்ன துளை விலகல் கண்ணுக்கே தெரிகிறது. வேகத் தள்ளாட்டத்தை அளக்க உதவும் 3150 ஹெர்ட்ஸ் சோதனைத் தட்டு ஒன்றை நண்பரிடம் கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் அளந்து எண்களை இங்கே எழுதுகிறேன்.