தீயணைப்போ பரமெடிக்கோ: யாழ்ப்பாணத்தில இருந்து ஒன்ராறியோ வந்தவைக்கு

புதுசு_ஸ்காபரோ கேக்கிறார்:
அண்ணையாக்கள், அக்காமார், வந்து அஞ்சு மாசம். ஏ.எல். பயோ படிச்சனான். பரி. யோவான் அம்புலன்ஸ் முதலுதவி சேட்டிபிக்கற் இருக்கு, ஊர் லைசென்ஸ் மூண்டு வருசமா இருக்கு. நகரசபை வேலையா, தீயணைப்பும் பரமெடிக்கும் சேர்ந்த வேலைக்குப் போக விருப்பம். எங்க இருந்து துவங்கிறது?

கந்தர்மடத்தான்:
தம்பி, சேர்ந்த வேலை எண்டு ஒண்டு ரொறன்ரோவில இல்லை. தீயணைப்பு ஒரு துறை, பரமெடிக் இன்னொரு துறை. படிப்பு வேற, பரீட்சை வேற, தொழிற்சங்கமும் வேற. ஆக்கள் மாறி விளங்கிறதுக்குக் காரணம், நெஞ்சு நோகுது எண்டு 911க்கு அடிச்சாலும் சில நேரம் சிவப்பு லொறிதான் முதல்ல வந்து வாசல்ல நிக்கும். தீயணைப்பு நிலையங்கள் கிட்டக் கிட்ட இருக்கிறதால அவை கெதியா வந்திடுவினம். வந்து நெஞ்சை அமத்துவினம், ஷொக் குடுக்கிற மெசினை வைப்பினம், ஒட்சிசன் குடுப்பினம். மருந்து குடுத்து ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு போறது பரமெடிக். யாழ். மாநகரசபைத் தீயணைப்புக்கு 110, சுவசெரிய அம்புலன்ஸுக்கு 1990 எண்டு ஊரில இருக்கிற பிரிவு இஞ்சயும் இருக்கு. நம்பர் மட்டும் ஒண்டு.

ரெண்டும் ஒரே நிர்வாகத்துக்குள்ள வேணுமெண்டா வின்னிபெக் பக்கம் பாரும். இல்லாட்டி அல்பேர்ட்டாவில லெத்பிறிஜ், ரெட் டியர், ஸ்ட்ராத்கோனா கவுண்டி. ஆனா அங்க பரமெடிக் பதிவு வேற சபையிட்ட, பரீட்சையும் வேற. ஸ்காபரோவை விட்டுப் போக மனமில்லையெண்டா ஒண்டைத் தெரிவு செய்யும். ரெண்டு கோர்சுக்கும் ஒண்டாக் காசு கட்டினா ரெண்டும் அரைவாசியில நிக்கும்.

ஏ.எல். பயோ எண்டபடியா எனக்குப் படுறது பரமெடிக். ரெண்டு வருசக் கல்லூரி டிப்ளோமா. சென்ரெனியல், ஹம்பர், டர்ஹம் எல்லாத்திலயும் இருக்கு. விண்ணப்பம் ஒன்ராறியோக் கல்லூரிகளின்ர பொது இணையத்தளத்தால. பெப்ரவரி 1க்கு முதல் போட்டாத்தான் எல்லாரோடயும் சமமாப் பாப்பினம், பிறகு போட்டா மிஞ்சின இடம். பொதுவா 12ஆம் வகுப்பு இங்கிலிஷ், உயிரியல், இரசாயனம், கணக்குக் கேப்பினம். உம்மட உயிரியலும் இரசாயனமும் நிக்கும். கணக்குத்தான் இடிக்கும், பயோக்காரர் ஓ.எல்.லோட அதை விட்டிடுவினம். பெரியாக்கள் படிக்கிற பள்ளிக்கூடத்தில அந்த ஒரு பாடத்தை மட்டும் எடுக்கலாம்.

டிப்ளோமா முடிஞ்சா மாகாணச் சுகாதார அமைச்சின்ர ஏ.ஈ.எம்.சி.ஏ. எண்ட பரமெடிக் தகுதிப் பரீட்சை. அதுக்குப் பிறகு வேலை கிடைக்கிற இடத்தில, ‘பேஸ் ஹொஸ்பிற்றல்’ எண்டு சொல்லுற மேற்பார்வை ஆஸ்பத்திரி உம்மைச் சோதிச்சு மருந்து குடுக்க அனுமதி தரவேணும். பரீட்சை பாசானவுடன ஊசி போடலாம் எண்டில்லை. முதல் படி பிறைமறி கெயார், அதுக்கு மேல அட்வான்ஸ்ட், அதுக்கு மேல கிறிற்றிக்கல். சுவசெரியவில வேலை செய்து வந்தவை, தங்கட தகுதியை இஞ்சத்தைத் தகுதிக்குச் சமனா ஏற்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். ஆனா பாடத்திட்டத்தை மணித்தியாலம் மணித்தியாலமா ஒப்பிட்டுத்தான் பாப்பினம், குறுகிய பயிற்சி அதில நிண்டு பிடிக்கிறது கஷ்டம்.

தீயணைப்பு எண்டா என்.எஃப்.பி.ஏ. 1001 எண்ட தீயணைப்பாளர் தரச் சான்றிதழ், லெவல் 1, 2, அதோட நச்சுப்பொருள் பயிற்சி. 2022 இல வந்த ஒன்ராறியோ ஒழுங்குவிதி 343/22 இந்தச் சான்றிதழைக் கட்டாயமாக்கி, இருக்கிற ஆக்களுக்கு 2026 ஜூலை 1 வரை தவணை குடுத்தது. தனியார் கோர்சுக்கு ஆயிரக்கணக்கில கட்டமுதல் ஒரு கேள்வி கேளும்: “கடைசியில ஐஃப்சாக் அல்லது புறோ போர்ட் முத்திரை வருமோ?” ரெண்டும் சான்றிதழுக்குத் தரம் உறுதி செய்யிற அமைப்புகள். வாயை மென்றால் திரும்பி வாரும். முத்திரை இல்லாத சேட்டிபிக்கற் சுவரில கொழுவத்தான்.

சங்கிலியன்தோப்பு:
படிப்பை விடக் கடதாசியிலதான் எங்கட ஆக்கள் கூட இடறுகினம். அதைச் சொல்லுறன்.

லைசென்ஸ். அம்புலன்ஸ் ஓட ‘எஃப்’ வகுப்பு வேணும். அதுக்கு முதல் முழு ‘ஜி’, அதாவது முழுக் கார் லைசென்ஸ், கையில இருக்கவேணும், ஜி1, ஜி2 எண்ட பழகுற படியள் காணாது. தீயணைப்பு லொறிக்கு ‘டி’ வகுப்பும் காத்துப் பிரேக்குக்கு ‘இசட்’டும், ரெண்டையும் சேர்த்து ‘டீ சீ’ (DZ) எண்டுதான் கதைப்பினம். ஊரில ரெண்டு வருசத்துக்கு மேல ஓடின அனுபவம் இருந்தா ஜி1 எழுத்துப் பரீட்சையோட நேர முழு ஜி ஓட்டப் பரீட்சைக்குப் போக வழி இருக்கு. அதுக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின்ர உறுதிக் கடிதம் வேணும். அட்டையைக் காட்டினா மட்டும் காணாது. ஊரில இருக்கிற அண்ணனையோ மச்சானையோ இப்பவே எடுக்கச் சொல்லுங்கோ. ஆனா எங்கட ஓட்டத்தோட நேர ஜிக்குப் போனா வழுக்கும். ஹைவேயில ஏறிச் சேருறது, தோளுக்கு மேலால திரும்பிப் பாக்கிறது, ஸ்ரொப் பலகையில சில்லு முழுசா நிக்கிறது, இந்த மூண்டிலயும்தான் கூடப் பேர் விழுகினம். நாலைஞ்சு வகுப்பு எடுத்திட்டுப் போங்கோ.

பரமெடிக்குக்கு ஒழுங்குவிதி 257/00 இல இன்னொரு கட்டு இருக்கு: ஒரு வருசத்துக்குள்ள 6 டிமெரிற் புள்ளி (ஓட்டப் பிழைக்குப் போடுற புள்ளி) வாங்கியிருக்கக் கூடாது, ரெண்டு வருசத்துக்குள்ள லைசென்ஸ் இடைநிறுத்தப்பட்டிருக்கக் கூடாது. பீட்சா டிலிவரி ஓடுற தம்பியவை, அஞ்சு நிமிசம் மிச்சம் பிடிக்கப் போய் இதைத் துலைக்காதேங்கோ.

பேர். எங்கட பாஸ்போட்டில தகப்பன் பேர் முன்னுக்கு, ஏ.எல். சேட்டிபிக்கற்றில இனிஷல், முதலுதவிச் சேட்டிபிக்கற்றில கூப்பிடுற பேர். இஞ்ச கொம்பியூட்டருக்கு அது மூண்டு ஆள். பொலிஸ் சோதினையில பேரோ பிறந்த தேதியோ இன்னொருத்தரோட பொருந்தினாக் கைரேகை கேப்பினம், கிழமைக்கணக்கில இழுபடும். பாஸ்போட்டில இருக்கிற எழுத்தையே எல்லா இடத்திலயும் போடுங்கோ. பழைய சேட்டிபிக்கற்றுகளுக்கு, எல்லாம் ஒரே ஆள்தான் எண்டு ஒரு சத்தியக் கடதாசி முடிச்சு வையுங்கோ.

தடுப்பூசி. கல்லூரியில இடம் கிடைச்ச பிறகு எல்லாரும் ஓடுறது இதுக்குத்தான். மஞ்சள்காமாலை பி ஊசி மூண்டு: முதல் நாள், ஒரு மாசம், ஆறு மாசம். பிறகு ஒரு மாசம் விட்டு இரத்தம் சோதிச்சு எதிர்ப்பு இருக்கோ எண்டு பாக்கவேணும். ஆக, ஏழு மாசம். செப்ரெம்பரில வகுப்பெண்டா ஓகஸ்ட்டில துவங்கி என்ன பிரயோசனம்? சின்னமுத்து, கூகைக்கட்டு, கொப்பளிப்பான் எல்லாத்துக்கும் ஊசிக் கணக்கோ இரத்தப் பரிசோதனையோ கேப்பினம். “சின்னனில வந்தது, அம்மாள் வேப்பிலையில கிடத்தினவா” எண்டது பத்திரம் இல்லை. ஊர்ச் சுகாதார அட்டை வீட்டில கிடந்தா படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கோ.

சயரோகத் தோல் பரிசோதனை தனிக் கதை. ரெண்டு தரம் போடவேணும், ஒண்டுக்கும் மற்றதுக்கும் இடையில ஒரு கிழமையில இருந்து நாலு கிழமை. ஒவ்வொண்டையும் 48 இல இருந்து 72 மணித்தியாலத்துக்குள்ள திரும்பப் போய்க் காட்டவேணும். வியாழக்கிழமை போட்டா வாசிக்க சனி, ஞாயிறு. பூட்டிக் கிடக்கும். எங்கட இடத்துப் பிள்ளையளுக்குப் பிறந்தவுடன பீ.சீ.ஜி. போட்டிருக்கிறதால சிலருக்குத் தடிச்சு வரும். அது நோய் எண்ட அர்த்தம் இல்லை, பயப்பிடாமல் பீ.சீ.ஜி. போட்டது எண்டு சொல்லி நெஞ்சு எக்ஸ்ரே எடுங்கோ. இன்னொண்டு: சின்னமுத்து, கொப்பளிப்பான் ஊசி போட்டா அதே நாளில தோல் பரிசோதனையும் செய்யுங்கோ, இல்லாட்டி நாலு கிழமை பொறுங்கோ. இடையில செய்தா உண்மையில இருக்கிறதையும் இல்லை எண்டு காட்டலாம்.

ஏணிக்கடி:
தீயணைப்புக்குப் போறவைக்கு உடற்தகுதி. எந்தச் சோதினை எண்டு அந்தந்த நகரத்தின்ர அறிவித்தலை வாசியுங்கோ, சான்றுக்கும் காலாவதி இருக்கு. வட அமெரிக்காவில பரவலா நடக்கிறது சி.பி.ஏ.ரி. எண்ட உடற்தகுதிச் சோதினை. எட்டு வேலை, 10 நிமிசம் 20 செக்கன், 50 இறாத்தல் அங்கி போட்டபடி. முதலாவது படியேறுற மெசின். அதுக்கு மட்டும் தோளில இன்னும் 25 இறாத்தல் ஏத்துவினம். 20 செக்கன் உடம்பு சூடாக்கல், பிறகு நிமிசத்துக்கு 60 படி வீதம் மூண்டு நிமிசம். விழுகிறவை கூட இதிலதான். காரணம் நெஞ்சு இல்லை, தொடை. மைதானத்தில ஓடிப் பழகினவனுக்கு மூச்சு இருக்கும், பாரத்தோட ஏறின கால் இருக்காது. கைப்பிடியில பாரத்தைப் போட்டா எச்சரிக்கை, திரும்பத் திரும்பப் போட்டா வெளிய.

பிறகு குழாய் இழுவை, அரியிற மெசின் வாள் ரெண்டைத் தூக்கி நடை, ஏணி, 10 இறாத்தல் சம்மட்டியால அடி, இருட்டுக் குகைக்குள்ள தவழல், 165 இறாத்தல் பொம்மையை இழுக்கிறது, கடைசியாக் கூரை இடிச்சு இழுக்கிறது. இடையில 85 அடி நடக்கவேணும், ஓடினாப் பிழை. அந்த நடைதான் மூச்செடுக்கிற நேரம். பொம்மையைக் கையால தூக்கி இழுக்காதேங்கோ. கைப்பிடியைப் பிடிச்சு, குந்தினபடி, காலால தள்ளிப் பின்னுக்குப் போங்கோ. பழகிறதுக்கு ஜிம்மில பார அங்கியோட படி மெசின், கிழமைக்கு மூண்டு தரம், ரெண்டு மாசம். முதல் கிழமை 10 கிலோவுக்கு மேல போடாதேங்கோ, முழங்கால் போயிடும்.

தாடி விடேலாது. முகமூடி தோலோட ஒட்டாட்டிப் புகை உள்ள வரும், சிலிண்டர்க் காத்தும் வீணாப் போகும். ஐயப்ப விரதத்துக்குத் தாடி வளக்கிறவை அந்த மாசத்தை இப்பவே யோசிச்சுக் கொள்ளுங்கோ. சாப்பாடு பெரும்பாலும் நிலையத்தில முறை வைச்சுச் சமைக்கிறது. வெள்ளிக்கிழமை மரக்கறி எண்டா முதல்லயே சொல்லிப்போடுங்கோ, ஒருத்தரும் குறை நினையாயினம்.

மருதடியாள்:
தமிழ் தெரிஞ்ச பரமெடிக் எண்டா ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் பெரிய உதவி. ஆனா யாழ்ப்பாணத்துத் தமிழை அப்பிடியே இங்கிலிஷுக்கு மாத்தினா ஆபத்து. படிக்கிற காலத்திலயே இந்தச் சொல்லுகளைப் பழகுங்கோ.

“களைக்குது.” எங்கட அம்மாமார் இதைச் சொன்னா மூச்சு வாங்குது எண்டு அர்த்தம். ‘ரயேர்ட்’ எண்டு மாத்தினா அவசரம் குறைஞ்ச ஆளாப் போயிடுவா. “படுக்கேக்க களைக்குதோ, எத்தினை தலைகாணி வைச்சுப் படுக்கிறியள், கால் வீங்கியிருக்கோ?” எண்டு கேளுங்கோ. உடம்பு அலுப்பு வேற, களைப்பு வேற. “முட்டு” எண்டா ஆஸ்மா இழுவை. “விறைக்குது” எண்டா குளிரோ உணர்ச்சி இல்லையோ, ரெண்டும் வரும், எந்தப் பக்கம் எண்டு கேக்கவேணும். “சத்தி” வாந்தி. “வாய்வு” எண்டது பெரிய பொறி: அறுபது வயசு ஐயா நெஞ்சைத் தடவிக்கொண்டு “ஒண்டுமில்லைப் பிள்ளை, வாய்வு, இஞ்சி குடிச்சனான்” எண்டா ஈ.சீ.ஜி. எடுக்காமல் எழும்பாதேங்கோ. சீனி வருத்தம் உள்ளவைக்கும் வயசான பெண்களுக்கும் மாரடைப்பு நோ இல்லாமலே, வெறும் வேர்வையும் பிரட்டலுமா வரும்.

நெஞ்சு நோவுக்கு நைற்றோ ஸ்பிரே குடுக்கமுதல், ஆண்மைக் குளிசை கடைசி 48 மணித்தியாலத்துக்குள்ள எடுத்தவரோ எண்டு கேக்கவேணும். எடுத்திருந்தா பிறஷர் ஒரேயடியா விழும். இதை மகள், மருமகன் நிக்கிற ஹோலில வைச்சுக் கேட்டா எந்த ஐயாவும் இல்லையெண்டுதான் சொல்லுவார். வண்டிக்குள்ள ஏத்தி, கதவைச் சாத்தி, “ஐயா, எல்லாரிட்டயும் கேக்கிற கேள்விதான்” எண்டு துவங்குங்கோ.

பாரிசவாதத்துக்கு “எப்ப துவங்கினது?” எண்டு கேட்டா “விடிய” எண்டுதான் மறுமொழி வரும். அது நித்திரையால எழும்பேக்கயே இருந்ததோ, எழும்பித் தேத்தண்ணி குடிச்ச பிறகோ? “கடைசியா ஒழுங்காக் கதைச்சது எத்தினை மணிக்கு, ஆரோட?” எண்டு கேளுங்கோ. இரத்தக்கட்டி கரைக்கிற மருந்து குடுக்கலாமோ எண்டதை ஆஸ்பத்திரி அந்த மணியை வைச்சுத்தான் முடிவெடுக்கும். விழுந்து தலை அடிபட்டவையிட்ட “இரத்தம் இளக்கிற குளிசை” எண்டு கேக்கவேணும், மருந்தின்ர பேர் தெரியாது. குளிசை எல்லாம் குசினியில பழைய பிஸ்கற் ரின்னுக்குள்ள இருக்கும், ரின்னோட தூக்கிக்கொண்டு போங்கோ.

ரூர்ப் பக்கத்தான்:
ஜேர்மனியில இருக்கிறவைக்கு ஒரு வரி. இங்க கேள்வியில கேட்ட சேர்ந்த வேலை இருக்கு. பெரிய நகரங்களின்ர பெறூஃப்ஸ்ஃபொயர்வேர், அதாவது சம்பளத் தீயணைப்புப் படை, தீயணைப்புக்காரருக்கே 520 மணித்தியால அம்புலன்ஸ் பயிற்சியும் குடுத்து ரெண்டிலயும் மாறி மாறி விடும். ஆனா அது அரச உத்தியோகம், பொதுவா ஜேர்மன் அல்லது ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை கேக்கும். அது வரைக்கும் மூண்டு வருச நொட்ஃபால்சானிற்றேர், அதாவது ஜேர்மன் பரமெடிக் படிப்புப் படிக்கலாம். ஊர்த் தொண்டர் தீயணைப்பிலயும் சேரலாம், பாஷை ஓடி வரும்.

புதுசு_ஸ்காபரோ:
பெரிய உபகாரம். பரமெடிக் எண்டு முடிவு. இந்தக் கிழமை என்ன செய்ய?

கந்தர்மடத்தான்:
மூண்டு வேலை. குடும்ப வைத்தியரிட்டயோ நடந்து போற கிளினிக்கிலயோ மஞ்சள்காமாலை பி முதல் ஊசி. ஊருக்கு ரெலிபோன் எடுத்து லைசென்ஸ் கடிதம், சுகாதார அட்டை. ஜி1 எழுத்துப் பரீட்சை, தமிழிலயும் எழுதலாம். ஆனா இங்கிலிஷில எழுதும், எஃப் வகுப்புக்குப் படிக்கேக்க அந்தச் சொல்லுகள் உதவும்.

சங்கிலியன்தோப்பு:
ஊசி போட்ட மஞ்சள் அட்டையைப் படமெடுத்து வையும். அதைத் துலைச்சா திரும்ப முதல் ஊசியில இருந்து.

மருதடியாள்:
இல்லை, முதல்ல இருந்து போடத் தேவையில்லை. இரத்தத்தைச் சோதிச்சு எதிர்ப்பு இருந்தா காணும். ஆனாப் படம் எடுத்து வையும்.