புதுப்பிப்பு: தைவான் லின் குடும்ப மாளிகை போய் வந்தாச்சு

தைபே பக்கம் பான்ச்சியாவில் உள்ள, லின் என்ற பழைய பணக்காரக் குடும்பத்தின் மாளிகைக்கு அரை நாள் ஒதுக்கலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். தாராளமாக ஒதுக்கலாம். மெட்ரோவில் ஃபுசோங் நிலையம், அங்கிருந்து நடை.

தோட்டம்தான் விருந்து. ஆலமர நிழலில் பெரிய குளம். கரையோர மதிலை ஒட்டிச் செயற்கை மலைகள். அந்தக் குடும்பத்தின் பூர்வீகமான சீனத்துச் சாங்சோ ஊர் மலைகளின் சாயலில் எழுப்பியவையாம். ஊர்ப்பாசத்துக்குப் பணமும் சேர்ந்தால் இப்படித்தான்! ஒரு மதிலில் வண்ணத்துப்பூச்சி, வௌவால் வடிவ ஜன்னல்கள். வௌவால் சீனர்களுக்கு அதிர்ஷ்டச் சின்னம்.

1977இல் குடும்பம் தோட்டத்தை அரசுக்குக் கொடுத்தது. பிறகே பெரிய அளவில் சீரமைத்தார்கள்.

“வீட்டுக்குள் விடுவார்களா?” என்று கேட்டவருக்கு: பழைய மூன்று முற்ற வீட்டுக்கு வழிகாட்டியோடுதான் அனுமதி; நேரத்தை முன்பே விசாரியுங்கள். கொசு மருந்து அவசியம்.