அனெட்டேக்கு வெள்ளி நாணயம்: மரியாதையா, அலமாரிப் பொருளா?

வெள்ளிக்காசு: அனெட்டே ஃபொன் ட்ரோஸ்டே-ஹ்யூல்ஸ்ஹொஃப், 1797-இல் மியூன்ஸ்டருக்குப் பக்கத்தில் பிறந்த ஜெர்மானியக் கவிஞர். அவருடைய 225-ஆவது பிறந்தநாளுக்காக 2022-இல் ஜெர்மனி வெளியிட்ட 20 யூரோ நாணயம் போன வாரம் என் கைக்கு வந்தது. 925 தர வெள்ளி, 18 கிராம். ஒரு கவிஞருக்கு ஒரு நாடு இதைவிடப் பெரிதாக என்ன செய்துவிட முடியும்?

கோபுரக்காற்று: எனக்கு உடன்பாடு இல்லை. அதை யார் பார்க்கிறார்கள்? வாங்கிய கையோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் பூட்டிவிடுகிறோம். 'கோபுரத்தின் மேல்' என்று அவருடைய கவிதை ஒன்று இருக்கிறது. ஒரு பெண் ஏரிக்கரைக் கோபுரத்தில் நின்று புயலில் கூந்தலைப் பறக்கவிடுகிறாள். வேட்டைக்காரனாக, படைவீரனாக, குறைந்தது ஓர் ஆணாகவாவது இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறாள். கடைசியில், நல்ல பிள்ளையாக அடங்கி உட்கார வேண்டும், கூந்தலை ரகசியமாகத்தான் அவிழ்க்கலாம் என்று முடிகிறது. அதை எழுதியவரை மறுபடியும் பெட்டிக்குள்ளா வைப்பது?

வெள்ளிக்காசு: பெட்டியில் வைப்பது நம் பழக்கம், அதற்கு நாணயம் என்ன செய்யும்? 1838-இல் அவருடைய முதல் தொகுப்பு வந்தபோது புத்தகத்தில் முழுப் பெயர் கிடையாது. 'அனெட்டே எலிசபெத்' வரை இருக்கும். குடும்பப் பெயர் வரும் இடத்தில் முதலெழுத்துகளும் புள்ளிகளும்தான். பிரபுக் குடும்பத்துப் பெண்ணின் பெயர் அச்சில் வருவது அந்தக் காலத்தில் கௌரவக் குறைச்சல். விற்றது 74 பிரதிகள். அப்படிப் புள்ளி வைத்து மறைத்த பெயரை இன்று அரசே வெள்ளியில் முழுதாகப் பொறிக்கிறது. இது சின்ன விஷயமா?

பழையமார்க்: தம்பிமாரே, நான் 1993-இல் ஜேர்மனிக்கு வந்தவன். உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினேன். யூரோவுக்கு முன் இங்கே மார்க்தான் பணம். முதல் கிழமைச் சம்பளத்தில் பச்சை நிறத்தில் ஒரு 20 மார்க் தாள் இருந்தது. முன்பக்கம் ஒரு பெண், பின்பக்கம் இறகுப் பேனாவும் ஒரு மரமும். யாரோ அரசியாக்கும் என்று நினைத்தேன். சமையல்காரர்தான் சொன்னார், அவர் கவிஞர், அது அவருடைய கதையில் வரும் பீச் (beech) என்ற காட்டு மரம் என்று. கவிதை எழுதிய பெண்ணின் படத்தைக் கொடுத்துத்தான் இங்கே அரிசி வாங்குகிறோம் என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். ஈரக் கையோடு எத்தனை தரம் அந்த முகத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பேன்! என்னைக் கேட்டால் அதுதான் மரியாதை.

கோபுரக்காற்று: அண்ணா, நான் சொல்ல வந்ததும் இதுதான். அந்த வரிசையில் மொத்தம் எட்டுத் தாள்கள். நான்கில் பெண்கள்: பெட்டினா ஃபொன் ஆர்னிம், அனெட்டே, கிளாரா ஷூமன், மரியா சிபில்லா மேரியன். 2002-இல் யூரோ தாள்கள் வந்தன, முகங்கள் போய்ப் பாலங்களும் சன்னல்களும் வந்துவிட்டன.

வெள்ளிக்காசு: அப்படியானால் குறை யூரோ தாளில்தானே, நாணயத்தில் இல்லையே. இன்னொன்றும் சொல்கிறேன். 1843-இல் மேர்ஸ்பூர்க் என்ற ஊரில், திராட்சைத் தோட்டத்தோடு ஒரு சின்ன வீட்டை அவர் ஏலத்தில் எடுத்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த தொகுப்புக்குக் கோட்டா பதிப்பகம் தந்த பணம்தான் அதற்குப் போனது. வாழ்நாள் முழுக்கக் குடும்பத்தை நம்பி இருந்தவர் சொந்த எழுத்தால் வாங்கிய வீடு! அதில் அதிக நாள் இருக்கவும் கொடுத்துவைக்கவில்லை, 1848-இல் இறந்துவிட்டார். எழுதிச் சம்பாதித்த காசின் அருமை தெரிந்தவர் அவர். அவர் பெயர் காசில் இருப்பதை நான் பெரிதாகத்தான் நினைப்பேன்.

கோபுரக்காற்று: சரி, அந்த வீட்டைப் பற்றி நீங்கள் சொன்னது மனதைத் தொட்டது. ஆனால் அந்த நாணயம் ஜெர்மனிக்குள் எங்கும் செல்லுபடியாகும். அப்புறம் ஏன் பூட்டி வைக்க வேண்டும்? ரொட்டிக்கடையில் கொடுங்கள். வாங்குகிற பெண் ஒரு நிமிடமாவது இது யார் என்று திருப்பிப் பார்ப்பாள்.

வெள்ளிக்காசு: வெள்ளியைக் கொடுத்து ரொட்டி வாங்க எனக்கு மனம் வராது. ஒன்று செய்கிறேன், அந்தக் கோபுரக் கவிதையைக் கையால் எழுதி உறையோடு சேர்த்து வைக்கிறேன். இனி யாருக்குக் காட்டினாலும் இரண்டையும் சேர்த்தே காட்டுவேன்.

கோபுரக்காற்று: அது நல்லது. ஆனாலும் நான் கடையில்தான் கொடுப்பேன்.

பழையமார்க்: அந்த 20 மார்க் தாளில் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. ஜேர்மன் மத்திய வங்கியில் கொடுத்தால் இப்போதும் 10 யூரோ 23 சென்ட் தருவார்கள். மாற்றவில்லை. பெட்டியிலும் பூட்டவில்லை. பர்ஸில், பேத்தியின் படத்துக்குப் பின்னால் இருக்கிறது.