பழைய பதிவுகளை அழித்தும் அட்டவணையின் அளவு குறையவில்லை: வேக்யூம் ஃபுல் ஓட்டலாமா?

கேள்வி

வணக்கம். எங்கள் கிடங்கின் சரக்குக் கணக்கு போஸ்ட்கிரெஸ் 14 தரவுத்தளத்தில் இயங்குகிறது. இருப்பு மாற்றங்களைப் பதியும் அட்டவணையில் ஏறத்தாழ 10 கோடி வரிசைகள் இருந்தன. அவற்றில் பாதிக்கும் மேற்பட்ட பழைய வரிசைகளை டெலீட் செய்தோம். ஆனால் டிஸ்கில் இடம் சிறிதும் மீளவில்லை. துப்புரவு செய்யும் வேக்யூம் கட்டளையை, விவரம் காட்டும் வெர்போஸ் வடிவில் ஓட்டிப் பார்த்தால், இறந்த வரிசைகள் (அழித்தும் கோப்பில் எஞ்சியிருப்பவை) கோடிக்கணக்கில் இருப்பதாகவும் அவற்றை இப்போதைக்கு நீக்க இயலாது என்றும் வருகிறது. இதற்கிடையே புதிய பதிவுகள் சேரச் சேர அட்டவணை இன்னும் வளர்கிறது. டிஸ்கில் மீதமிருக்கும் இடம் அட்டவணையின் அளவில் பாதிகூட இல்லை. ஞாயிறு இரவு வேக்யூம் ஃபுல் ஓட்டிவிடலாம் என்கிறார் மேலாளர். அவ்வாறு செய்யலாமா?

மறுமொழி 1

தயவுசெய்து இப்போது ஓட்ட வேண்டாம். வேக்யூம் ஃபுல் அட்டவணையைப் புதிதாக எழுதி முடித்த பிறகுதான் பழைய கோப்பை விடும்; அதுவரை வேறு எவரும் அந்த அட்டவணையைப் படிக்கக்கூட முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு: இப்போதைக்கு நீக்க இயலாதவை என்று சொல்லப்படும் இறந்த வரிசைகளையும் அது சேர்த்தே புதிய கோப்புக்குக் கொண்டுபோகும். ஆகவே புதிய பிரதியும் ஏறக்குறைய பழைய அளவுக்கே வரும், டிஸ்க் நிரம்பும், மாற்றங்களை முதலில் பதிந்துகொள்ளும் வால் (WAL) கோப்புகளும் அதே டிஸ்கில் இருந்தால் சர்வரே நின்றுவிடும்.

உங்களிடம் இருப்பவை இரண்டு வெவ்வேறு பிரச்சினைகள். டெலீட் செய்த இடம் இயங்குதளத்துக்குத் திரும்பாதது இயல்பானதே. சாதாரண வேக்யூம் அந்த இடத்தை அதே அட்டவணையில் புதிய வரிசைகளுக்காக ஒதுக்கிவைக்கும், அட்டவணையின் வால்பகுதியில் முழுதும் காலியான பக்கங்கள் இருந்தால் மட்டுமே கோப்பைச் சுருக்கும். அட்டவணை தொடர்ந்து வளர்வதுதான் நோய். எங்கோ ஒரு பழைய டிரான்சாக்ஷன் (ஒரே தொகுதியாக நடக்கும் தரவுப் பணி) முடியாமல் நிற்கிறது; அதற்கு அந்த வரிசைகள் இன்னும் தேவைப்படலாம் என்பதால் வேக்யூம் அவற்றைத் தொடுவதில்லை.

முதலில், இணைப்புகளின் நிலையைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில், டிரான்சாக்ஷன் தொடங்கிய எக்ஸாக்ட்_ஸ்டார்ட் நேரப்படி வரிசைப்படுத்தி, "ஐடில் இன் டிரான்சாக்ஷன்" (டிரான்சாக்ஷனைத் திறந்துவிட்டுச் சும்மா நிற்கும்) நிலையில் நெடுநேரமாக இருக்கும் இணைப்பு ஏதும் உண்டா என்று பாருங்கள். அங்கே ஒன்றும் அகப்படாவிட்டால், கமிட்டும் (உறுதிசெய்தல்) ரோல்பேக்கும் (கைவிடுதல்) ஆகாமல் கிடக்கும் பிரிப்பேர்டு டிரான்சாக்ஷன்களையும், தனக்குத் தேவையான வரிசைகளை முதன்மைச் சர்வருக்குத் தெரிவிக்கும் ஹாட் ஸ்டாண்ட்பை ஃபீட்பேக் இயக்கப்பட்ட துணைச் சர்வர் இருந்தால் அதில் ஓடும் நீண்ட வினவல்களையும் பாருங்கள்.

மறுமொழி 2

மேலே நண்பர் சொன்னதோடு ஒரு திருத்தத்தைச் சேர்க்கிறேன். ஐடில் இன் டிரான்சாக்ஷன் என்று தெரியும் எல்லா இணைப்புகளும் வேக்யூமைத் தடுப்பதில்லை. இயல்பான ரீட் கமிட்டெட் (ஒவ்வொரு வினவலும் அப்போதைய தரவைப் பார்க்கும்) நிலையில் வெறும் செலக்ட் மட்டும் செய்துவிட்டுச் சும்மா இருக்கும் இணைப்பு, அந்த வினவல் முடிந்ததுமே தன் ஸ்னாப்ஷாட்டை (அது பார்க்கும் தரவு நிலையை) விட்டுவிடும். ஒரு வரிசையையாவது எழுதியிருந்தாலோ, கர்சரை (முடிவுகளைச் சிறிது சிறிதாக எடுக்கும் வினவலை) திறந்து வைத்திருந்தாலோ, ரிப்பீட்டபிள் ரீட் (தொடக்கத்தில் கண்ட தரவையே இறுதிவரை பார்க்கும்) நிலையில் இருந்தாலோதான் சிக்கல். ஆகவே பேக்எண்ட்_எக்ஸ்ஐடி (எழுதிய டிரான்சாக்ஷனின் எண்), பேக்எண்ட்_எக்ஸ்மின் (பிடித்திருக்கும் ஸ்னாப்ஷாட்டின் எல்லை) என்னும் இரண்டு பத்திகளில் ஏதேனும் ஒன்றில் மதிப்பு இருக்கும் இணைப்புகளை மட்டும் பார்த்தால் போதும். இதைக் கவனிக்காமல் கண்ணில் பட்ட இணைப்புகளையெல்லாம் துண்டித்துவிட்டு, பலனில்லை என்று திரும்பி வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேட்டவரின் பதில்

இருவருக்கும் நன்றி. பேக்எண்ட்_எக்ஸ்ஐடியில் மதிப்புடன் ஒரே ஓர் இணைப்புதான் நெடுநேரமாக நின்றது. வெளியாரிடம் வாங்கிய அறிக்கை மென்பொருள் அது. அறிக்கைத் திரையைத் திறந்ததும் "தொடங்கியது" என்று ஒரு வரிசையை எழுதுகிறது. திரையை மூடும்போதுதான் கமிட் செய்கிறது. கணக்குப் பிரிவில் யாரோ திரையை மூடாமலே விட்டிருக்கிறார்கள். பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட் கொண்டு அதைத் துண்டித்து மீண்டும் வேக்யூம் ஓட்டியதும், இறந்த வரிசைகள் நீங்கின. ஆனால் டிஸ்கில் இடம் மீளவில்லை. இது மறுபடி நேராமல் தடுக்கவும் வழி சொல்லுங்கள்.

மறுமொழி 3

அந்த மென்பொருள் பயன்படுத்தும் ரோலுக்கு (தரவுத்தளப் பயனர் கணக்குக்கு) மட்டும், டிரான்சாக்ஷனைத் திறந்துவிட்டுச் சும்மா நிற்கும் இணைப்பைத் துண்டிக்கும் ஐடில்_இன்_டிரான்சாக்ஷன்_செஷன்_டைம்அவுட்டை, எடுத்துக்காட்டாக 15 நிமிடமாக, வையுங்கள், 9.6 பதிப்பிலிருந்தே இந்த வசதி உண்டு. சர்வர் முழுமைக்கும் வைத்தால், காரணத்தோடு காத்திருக்கும் வேறு பணிகளும் அறுபடும்.

தானாக வேக்யூம் ஓட்டும் ஆட்டோவேக்யூமின் இயல்பு அமைப்பும் இவ்வளவு பெரிய அட்டவணைக்கு ஒத்துவராது. வரிசைகளில் 20 விழுக்காடும் அதற்கு மேல் 50 வரிசைகளும் இறந்தால்தான் அது எழும். 10 கோடி வரிசைகள் என்றால் 2 கோடி இறக்கும்வரை சும்மா இருக்கும். அந்த அட்டவணைக்கு மட்டும் இந்த விழுக்காட்டைக் குறிக்கும் ஸ்கேல் ஃபேக்டரை 0.01 (1 விழுக்காடு) ஆக்கிவிடுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, அட்டவணையை அப்படியே விட்டுவிடுவதே என் பரிந்துரை. உள்ளே காலியான இடத்தில் புதிய பதிவுகள் உட்காரும்; அது நிரம்பும்வரை கோப்பு வளராது. அட்டவணையை நெடுநேரம் பூட்டாமல் சுருக்கும் பிஜி_ரீபேக் நல்ல கருவிதான். ஆயினும் அது அட்டவணையும் இன்டெக்ஸ்களும் (தேடலை விரைவாக்கும் சுட்டிகள்) சேர்ந்த அளவைப்போல் இருமடங்கு காலியிடம் கேட்கும் என்பதால் உங்கள் டிஸ்கில் இப்போது சாத்தியமில்லை. இடம் உடனே வேண்டுமானால் இன்டெக்ஸ்களிலிருந்து தொடங்குங்கள்: இன்டெக்ஸைப் புதிதாகக் கட்டும் ரீஇன்டெக்ஸ் கன்கரன்ட்லியை ஒவ்வொரு இன்டெக்ஸாக, சிறியதிலிருந்து ஓட்டினால், ஒரு நேரத்தில் ஓர் இன்டெக்ஸுக்கான இடமே போதும், எழுதும் வேலையும் நிற்காது. இடையில் தோல்வியுற்றால் செல்லாத இன்டெக்ஸ் ஒன்று "_சிசிநியூ" என்ற பின்னொட்டுடன் எஞ்சியிருக்கும். அதை டிராப் செய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

ஆண்டுதோறும் இப்படி அழிக்கப்போகிறீர்கள் என்றால், அட்டவணையை மாதவாரியாகப் பார்ட்டிஷன் செய்வதே (தனித்தனிப் பகுதிகளாகப் பிரிப்பதே) வழி. பழைய மாதத்தை டிராப் செய்த கணமே அதன் இடம் டிஸ்குக்குத் திரும்பிவிடும், வேக்யூமுக்கு வேலையே இல்லை. ஒன்று மட்டும்: ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளப்படுத்தும் பிரைமரி கீயில் தேதிப் பத்தியும் சேர்ந்தாக வேண்டும். அந்த அறிக்கை மென்பொருள் அதைத் தாங்குமா என்று முதலில் சோதனைச் சர்வரில் பார்த்துக்கொள்ளுங்கள்.