கால் மிஷின் வீட்டுக்கு வந்திருக்கிறது, முதலில் எதைத் தைத்துப் பழகலாம்?

சென்னை_வாணி

எல்லோருக்கும் வணக்கம். என் மாமியார் வீடு மாறும்போது அவருடைய கால் மிஷினை எனக்கே கொடுத்துவிட்டார். ஐந்தாறு வருடமாக யாரும் தொடாத மிஷின், ஆனால் ஓடுகிறது. எனக்குத் தையல் சுத்தமாகத் தெரியாது, பட்டன் தைப்பதோடு சரி. பக்கத்து வீட்டு அக்கா, "நேராக ஜாக்கெட்டில் ஆரம்பி, அது வந்துவிட்டால் எல்லாம் வந்துவிடும்" என்கிறார், யூடியூபில் பார்த்தால் எல்லோரும் சுடிதார் தைக்கிறார்கள். எனக்கு ஒரு வாரக் கடைசியில் முடிகிற மாதிரி, தைத்தால் வீட்டில் நிஜமாகவே உபயோகப்படுகிற மாதிரி ஏதாவது சொல்லுங்களேன். இன்னொன்று, சும்மா ஓட்டிப் பார்த்தபோது துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்கிக்கொள்கிறது, அதற்கு என்ன செய்வது? கையால் பின்னுவதிலும் ஆசை உண்டு, உல்லன் நூல் சென்னை வெயிலுக்குத் தேவையா என்றுதான் யோசிக்கிறேன்.

ஈரோடு_கட்டிங்

தங்கச்சி, ஜாக்கெட் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். கழுத்து, கை வளைவு, டாட், பட்டி என்று ஒரே துணியில் அத்தனை வேலையும் வந்துவிடும், எது தப்பியது என்று கண்டுபிடிக்கவே முடியாமல் மனசு விட்டுப்போகும். உடம்பு அளவே தேவைப்படாத, நேர்த்தையல் மட்டும் உள்ள பொருளாக எடுங்கள். என் கணக்கில் முதல் வேலை துணிப்பை.

அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் மிஷினோடு பழகுங்கள். ஊசியில் நூல் கோக்காமல், கோடு போட்ட நோட்டுப் பேப்பரை வைத்துக் கோட்டின் மேலேயே ஓட்டுங்கள். ஓட்டை கோட்டை விட்டு விலகாமல் வந்தால் கை படிந்துவிட்டது என்று அர்த்தம். கால் மிஷினில் வீல் பின்னால் சுற்றினால் நூல் அறுந்துவிடும், அதனால் ஒவ்வொரு தடவையும் வீலை முதலில் கையால் உங்கள் பக்கமாகச் சுற்றிவிட்டு அப்புறம் மிதியுங்கள்.

அடியில் கொத்து விழுவதைப் பற்றிக் கேட்டீர்கள். அடியில் சிக்குவதைப் பார்த்து எல்லோரும் கீழ் நூல் சுற்றிய பாபின் இருக்கிற கூட்டை, அதாவது பாபின் கேஸைப் போட்டு நோண்டுவார்கள், ஆனால் கோளாறு பெரும்பாலும் மேல் நூலில்தான் இருக்கும். மேல் நூல், அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் உட்காராவிட்டால் தளர்ந்துபோய் அத்தனையும் கீழே இறங்கிச் சுருண்டுகொள்ளும். துணியை அமுக்குகிற பூட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நூலை முதலிலிருந்து திரும்பப் போடுங்கள். தைக்க ஆரம்பிக்கும்போது மேல் நூல், பாபின் நூல் இரண்டின் நுனியையும் பூட்டுக்குப் பின்பக்கம் இழுத்து, முதல் நாலைந்து தையல் விழும்வரை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஊசியைப் பாருங்கள், ஒரு பக்கம் நீளமாகப் பள்ளம் இருக்கும், அந்தப் பக்கத்திலிருந்துதான் நூலைக் கோக்க வேண்டும். ஊசி திரும்பி மாட்டியிருந்தால் எவ்வளவு டென்ஷன் திருகினாலும் தையல் விழாது.

இனி பை. 36 அங்குல அகலக் காடா துணி ஒன்றேகால் மீட்டர் வாங்குங்கள். ஒரு மீட்டரே போதும், ஆனால் காடா நனைத்தால் சுருங்கும், அதனால் கால் மீட்டர் கூட. நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகுதான் கத்தரியை எடுக்க வேண்டும். நீளம் 36, அகலம் 15 என்று இரண்டு துண்டு வெட்டினால் இரண்டு பைக்கு ஆகிவிடும், பக்கத்தில் மிஞ்சுகிற பட்டையை நீளவாக்கில் இரண்டாகவும் குறுக்கே இரண்டாகவும் வெட்டினால் நாலு கைப்பிடி. துண்டை நல்ல பக்கம் உள்ளே போகும்படி பாதியாக மடித்து இரண்டு ஓரமும் அரை அங்குலம் விட்டு அடியுங்கள், வாயை அரை அங்குலம் ஒரு மடிப்பு, ஒன்றரை அங்குலம் ஒரு மடிப்பு என்று மடித்து அடியுங்கள். 14-க்கு 16-இல் பை வரும். கைப்பிடி வைக்கும் இடத்தில் சின்னச் சதுரமாகத் தைத்து அதற்குள் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தையல் போட்டால்தான் அஞ்சு கிலோ அரிசிக்குத் தாங்கும், வெறும் ஒற்றைத் தையல் பிய்ந்துவிடும். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது, 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று தொடங்கியது, இன்னமும் பாதிப் பேர் வெறுங்கையோடுதான் கடைக்குப் போகிறோம். நாலு பை தைத்து வண்டியில் ஒன்று, சமையலறையில் ஒன்று என்று போட்டு வையுங்கள்.

திருச்சி_மலர்

ஈரோட்டு அண்ணன் சொன்னதற்கு மேல் பைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். அடுத்ததாகத் தலையணை உறை தையுங்கள் வாணி. ஜிப் வேண்டாம், பட்டன் வேண்டாம், உள்ளே மடிப்பு வைத்த உறை. 18-க்கு 28 அளவு உறைக்கு 19 அங்குல அகலம், 64 அங்குல நீளம் வேண்டும். 44 அங்குலப் பன்னா (துணியின் அகலம்) உள்ள பாப்ளின் ஒன்றே முக்கால் மீட்டர் வாங்கினால் ஒரு ஜோடி வந்துவிடும். முதலில் இரண்டு குறுகிய ஓரத்தையும் ஒரு அங்குலம் செலவாகும்படி மடித்து அடித்துவிடுங்கள். துணியை நல்ல பக்கம் மேலே தெரிய விரித்து, ஒரு முனையை 28 அங்குலத்துக்கு உள்ளே மடியுங்கள், மறுமுனையில் 6 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும், அதை அதன் மேலேயே மடித்துப் போட்டு இரண்டு பக்கமும் நேராக அடியுங்கள். திருப்பினால் அந்த ஆறு அங்குலம் உள்ளே போய்த் தலையணையைப் பிடித்துக்கொள்ளும். படிக்கும்போது குழப்பமாக இருந்தால் ஒரு காகிதத்தை இதே மாதிரி மடித்துப் பாருங்கள், உடனே பிடிபடும்.

ஒரே ஒரு விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. மிஷினோடு கூடவே கைத்தையலும் பழக வேண்டும், அதற்குப் புடவைக்கு ஃபால்ஸ் வைப்பதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஃபால்ஸைத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் துவையலில் அது மட்டும் சுருங்கிப் புடவையின் அடி ஓரம் முழுக்கச் சுருக்கம் விழும். மேல் ஓரத்தை ஹெம்மிங் போடும்போது புடவையில் ஓர் இழை, இரண்டு இழை மட்டும் ஊசியில் எடுங்கள், நூலை இறுக்கி இழுக்காதீர்கள், முன்பக்கம் திருப்பினால் புள்ளிகூடத் தெரியக் கூடாது. பட்டுப்புடவைக்கு மிஷின் தையலே போடாதீர்கள், பிரித்தால் ஊசி ஓட்டை அப்படியே நிற்கும். பழைய காட்டன் புடவையில் பழகிவிட்டு நல்ல புடவைக்கு வாருங்கள்.

குன்னூர்_குளிர்

பின்னலைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் ஊரில் ஸ்வெட்டர் தேவை, உங்களுக்கு இல்லை, சரி. அதற்காகப் பின்னாமல் இருக்க வேண்டுமா? பருத்தி நூலில் பின்னலாமே. பாத்திரம் துடைக்கிற துணி, சூடான பாத்திரம் வைக்கிற மெத்தை, இதெல்லாம் சென்னையிலும் ஓடும். சூடான பாத்திரத்துக்குப் பருத்திதான், அக்ரிலிக் நூல் சூட்டில் உருகிவிடும், அதை மட்டும் மறக்காதீர்கள்.

4 மில்லிமீட்டர் ஊசி ஒரு ஜோடி, அதற்கு ஏற்ற நடுத்தரத் தடிமனில் வெளிர் நிற நூல் (கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணி, அதாவது ஊசியில் ஏறும் நூல் வளையம், எங்கே என்றே தெரியாது). 40 கண்ணி போட்டு, எல்லா வரிசையும் நிட் (நேர்ப் பின்னல்) தையலே போட்டுக்கொண்டு போங்கள், பர்ல் (எதிர்ப் பின்னல்) பக்கமே போகாதீர்கள். பலரும் ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று வழவழப்பான பின்னலில் ஆரம்பித்துவிட்டு, ஓரமெல்லாம் சுருண்டுகொள்கிறது என்று கலங்குகிறார்கள். அந்தப் பின்னலின் சுபாவமே சுருள்வதுதான், கையில் குற்றமில்லை. நிட் மட்டும் போட்டால் தட்டையாகப் படுத்துக்கொள்ளும். நாலு வரிசைக்கு ஒரு தடவை கண்ணியை எண்ணுங்கள். 40 என்பது 42 ஆகியிருந்தால் அனேகமாக வரிசையின் முதல் கண்ணியில்தான் தப்பு நடந்திருக்கும். நூல் ஊசிக்கு மேலாகப் பின்பக்கம் போய்விட்டால் அந்த ஒரு கண்ணி இரண்டாகத் தெரியும், இரண்டிலும் பின்னிவிடுவோம். கண்ணி நழுவினால் பயப்படாமல் ஒரு குரோஷா ஊசியை விட்டு ஏணிப்படி மாதிரி ஒவ்வொன்றாக மேலே தூக்கிக்கொண்டு வந்துவிடலாம், அந்த ஊசி ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

சென்னை_வாணி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அண்ணா, மேல் நூலைப் பூட்டைத் தூக்கி வைத்துப் போட்டேன், கொத்து விழுவது நின்றுவிட்டது! காடா வாங்கி நனைத்துப் போட்டிருக்கிறேன், பின்னல் ஊசியும் சொல்லி வைத்தாயிற்று. மிதிக்கும்போது மட்டும் மிஷின் கனமாக இருக்கிறது, சில சமயம் பெல்ட் வழுக்குகிறது. எண்ணெய் விடலாமா, தேங்காய் எண்ணெய்தான் வீட்டில் இருக்கிறது. அப்புறம் பைக்கு எத்தனாம் நம்பர் ஊசி?

ஈரோடு_கட்டிங்

தேங்காய் எண்ணெய் விட்டுவிடாதீர்கள் தங்கச்சி, நாளாக ஆகப் பிசுக்காகி உள்ளேயே இறுகிவிடும். தையல் சாமான் கடையில் மிஷின் ஆயில் என்று கேட்டாலே சின்ன பாட்டில் தருவார்கள். தலையில் தெரிகிற ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு சொட்டு, கீழே பாபின் சுற்றுகிற இடத்தில் பஞ்சைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு, கால் பலகை ஆடுகிற இரண்டு முனையிலும் ஒரு சொட்டு. விட்டபின் ஐந்து நிமிடம் நூல் இல்லாமல் ஓட்டி, பழைய துணியில் கொஞ்சம் தைத்து எண்ணெய் வடிகிறதா என்று பார்த்துவிட்டுக் காடாவை வையுங்கள், இல்லாவிட்டால் புதுப் பையில் கறை ஏறும். தோல் பெல்ட் நாள்பட்டால் தளரும், கிளிப்பைக் கழற்றி அரை அங்குலம் வெட்டிவிட்டுத் திரும்பக் கோத்தால் வழுக்காது. அதற்கு மேல் வெட்டாதீர்கள், இறுகிப்போனால் மிதிக்கவே கனக்கும்.

ஊசி 16 போடுங்கள், கைப்பிடி சேரும் இடத்தில் துணி ஐந்தாறு அடுக்கு வரும். மலர் சொன்ன தலையணை உறைக்கு 14 போதும். பழைய ஊசி எதையும் வைத்துத் தைக்காதீர்கள், மிஷினோடு வந்த பழைய நூல் உருண்டையையும் தனியாக வையுங்கள், வருடக்கணக்கில் கிடந்த நூல் இழுத்தாலே பொட்டென்று அறும். அதை ஓட்டுத் தையலுக்கு எடுத்துக்கொள்ளலாம், எப்படியும் பிரிக்கப்போகிற தையல்தானே.