பஸ்டர் கீட்டன் உங்களுக்கு எங்கே அகப்பட்டார்?

ஒரிகன்வாசி:

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை, பையனைக் கூட்டிக்கொண்டு அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், ஹில்ஸ்பரோவிலிருந்து தெற்கே காட்டேஜ் குரோவ் என்ற சின்ன ஊருக்குப் போயிருந்தேன். மௌனப்படக் காலத்து நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் ஒரு படத்துக்காக நிஜ ரயில் எஞ்சினை ஆற்றுக்குள் விழவைத்தது இந்த ஊர்ப் பக்கம்தான். ஊருக்குள் பழைய ஹோட்டல் கட்டடம் ஒன்றின் சுவரில் அவரைப் பெரிதாக வரைந்து வைத்திருக்கிறார்கள். சிரிக்காத அதே முகம். காபி வாங்கிய கடையில், எஞ்சின் விழுந்த ஆறான 'ரோ ரிவர்' எந்தப் பக்கம் என்று கேட்டேன். கடைக்கார அம்மா முதலில் என் உச்சரிப்பைத் திருத்தினார். ரோ இல்லையாம், ரௌ. சண்டை என்று அர்த்தம். மேய்ச்சல் நிலத்துக்காக அந்தக் காலத்தில் இரண்டு பேர் அடித்துக்கொண்டதில் ஆற்றுக்கு வந்த பெயர். அப்புறம்தான் வழி சொன்னார்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அந்தப் படம் 'தி ஜெனரல்', 1926இல் எடுத்த மௌனப் படம். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862இல், வடக்கத்தியர்கள் ஜார்ஜியாவில் ஒரு ரயில் எஞ்சினைக் கடத்திக்கொண்டு ஓடினார்கள். அந்த நிஜச் சம்பவம்தான் கதை. கடத்தப்பட்ட அசல் எஞ்சின் அப்போதும் டென்னசியில் இருந்தது. ஆனால் இந்தப் படத்துக்கு அது கிடைக்கவில்லை. ஒரிகனில் மரம் ஏற்றும் ரயில் பாதைகள் இன்னும் பழைய காலத்து மாதிரியே இருந்ததால் கீட்டன் இங்கே வந்துவிட்டார். ஒரிகன் மாநிலப் படையான நேஷனல் கார்டிலிருந்து 500 பேரை வரவழைத்து, வடக்குப் படையின் நீலச் சட்டை போட்டு ஒரு பக்கமாக ஓடவிட்டார், அதே ஆட்களுக்குத் தெற்குப் படையின் சாம்பல் சட்டை மாட்டி எதிர்ப்பக்கமாக ஓடவிட்டார். இரண்டு படையும் அவர்களேதான்.

1926 ஜூலை 23. ஊரே வேடிக்கை பார்க்கத் திரண்டிருக்கிறது. எரியும் மரப்பாலத்தின்மேல் எஞ்சின் வருகிறது, பாலம் நொடிந்து எஞ்சின் ஆற்றில் விழுகிறது. இரண்டாவது தடவை எடுக்க முடியாது. அந்த ஒரு காட்சிக்கு 42,000 டாலர் ஆனதாகச் சொல்கிறார்கள்.

சரி, நேரில் என்ன பார்த்தேன்? ஒன்றுமில்லை! எஞ்சின் பல வருஷம் ஆற்றிலேயே கிடந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பழைய இரும்புக்காக அள்ளிவிட்டார்கள். அந்தப் பக்கத்து ரயில் பாதையையும் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு சைக்கிள் பாதையாக்கிவிட்டார்கள். கோடையில் தண்ணீர் குறைவு. கூழாங்கல்மேல் நின்று, பையனுக்குப் போனில் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்பா, அந்த டிரைவர் என்ன ஆனார்?" பொம்மைடா என்றேன். நம்பவில்லை. மறுபடி போடச் சொல்லி, எஞ்சின் சாயும் இடத்தில் நிறுத்தி, விரலால் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் கல்லெறியப் போனான்.

உங்களில் யாருக்காவது கீட்டன் அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

சாப்ளின் கட்சி:

என் அனுபவம் தூக்கம். கல்லூரி நாளில் ஒரு ஃபிலிம் சொசைட்டியில் இதே படத்தைப் போட்டார்கள். தேய்ந்துபோன பிரதி. புரொஜெக்டரைத் தப்பான வேகத்தில் ஓட்டியதில் எல்லாரும் எறும்பு மாதிரி ஓடினார்கள். சத்தமில்லாமல் பார்த்தால் போரடிக்கும் என்று யாரோ ஒரு பியானோ கேசட்டை வேறு சம்பந்தமில்லாமல் போட்டுவிட்டார். இன்னொன்றும் சொல்லவேண்டும். கதாநாயகன் தெற்குப் பக்கம். அடிமைமுறையைக் காப்பாற்றச் சண்டை போட்ட பக்கம். அதைப் பற்றிப் படத்தில் மூச்சே கிடையாது. சாப்ளினாக இருந்தால் அப்படி விட்டிருப்பாரா?

ஒரிகன்வாசி:

இரண்டாவது விஷயத்தில் உங்களோடு சண்டைக்கு வரமாட்டேன். எனக்கும் அது உறுத்தல்தான். முதல் விஷயத்தில் உங்களுக்குத் துணை உண்டு: படம் வந்தபோது அமெரிக்கப் பத்திரிகைகள் பலவும் உங்களைப் போலத்தான் கொட்டாவி விட்டன. வசூலும் சரியில்லை. 1989இல் அமெரிக்க அரசு பாதுகாக்கவேண்டிய படங்கள் என்று முதல் 25 படங்களைத் தேர்ந்தெடுத்தபோது அதில் இதுவும் ஒன்று. நல்ல பிரதியில் இன்னொரு தரம் பாருங்கள் சார்.

பொன்மலை ஷெட்:

ஐயா, நான் ரயில்வேயில் 34 வருஷம். ஆரம்பம் ஸ்டீம் எஞ்சினில், ஃபயர்மேனாக. இந்தப் படத்தை ரிட்டயர் ஆன பிறகு மகள் வீட்டு டிவியில்தான் பார்த்தேன்.

ஒரு காட்சி. காதலி பேசமாட்டேன் என்று போய்விடுகிறாள். கீட்டன் துக்கத்தில் எஞ்சின் சக்கரங்களை இணைக்கும் ராடின்மேல் உட்கார்ந்துவிடுகிறார். உள்ளே இருப்பவன் இவரைக் கவனிக்காமல் வண்டியை எடுக்கிறான். ராடு மேலே ஏறி இறங்குகிறது, இவரும் கூடவே ஏறி இறங்குகிறார், சோகத்தில் எதுவும் தெரியவில்லை. எஞ்சின் ஷெட்டுக்குள் நுழையும்போதுதான் திடுக்கிடுகிறார்.

மகள் சிரித்தாள். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. ஸ்டீம் எஞ்சினை நின்ற நிலையிலிருந்து எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. நீராவியை விடும் ரெகுலேட்டரை ஒரு நூல் கூடுதலாகத் திறந்தாலும் போச்சு, தண்டவாளத்தில் கொஞ்சம் ஈரமோ எண்ணெயோ இருந்தாலும் போச்சு. சக்கரம் பிடிமானம் இல்லாமல் நின்ற இடத்திலேயே தடதடவென்று சுற்றும். வீல் ஸ்லிப் என்போம். தண்டவாளத்தில் மணல் விட்டு அடக்குவோம். அந்த நேரத்தில் ராடுமேல் ஒருவன் உட்கார்ந்திருந்தால் அவனை எடுத்து வீசிவிடும், இல்லை, உள்ளே இழுத்துக்கொள்ளும். தெரிந்தேதான் உட்கார்ந்திருக்கிறார் மனுஷன். நான் கும்பிடு போட்டது அவருக்கு இல்லை, திரையில் முகம் தெரியாத அந்த டிரைவருக்கு. எவ்வளவு பூப்போல எடுத்திருக்கிறான் பாருங்கள்.

இருட்டறை:

நான் எக்ஸ்ரே எடுப்பவள். கீட்டன் எனக்கு அறிமுகமானது படத்தால் இல்லை, கழுத்தால்.

'ஷெர்லாக் ஜூனியர்' (1924) படத்தில் ஓடும் ரயிலின் கூரையிலிருந்து தாவி, எஞ்சினுக்குத் தண்ணீர் விடும் தொட்டியின் குழாயைப் பிடித்துத் தொங்குவார். தண்ணீர் கொட்டும் வேகத்தில் கீழே விழுந்து, கழுத்து தண்டவாளத்தில் அடிபட்டது. எழுந்து ஓடிவிடுகிறார், அந்த ஷாட்டே படத்தில் இருக்கிறது. கொஞ்ச நாள் கடுமையான தலைவலி. அதோடு விட்டுவிட்டார். வருஷங்கள் கழித்து வேறு எதற்கோ டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, கழுத்து எப்போது உடைந்தது என்று கேட்டாராம்.

எங்கள் டிபார்ட்மென்ட்டில் ஒருவர் சொல்லித்தான் இந்தக் கதை தெரியும். படத்தைத் தேடிப் பார்த்தேன், அந்த இடத்தை மட்டும் நாலைந்து தரம். ஆறிப்போன பழைய முறிவைப் படத்தில் பார்ப்பது எனக்குப் புதிதில்லை. "சும்மா சுளுக்குத்தாம்மா" என்று வந்து படுப்பார்கள், பக்கவாட்டில் எடுத்தால் எலும்பில் பழைய தழும்பு இருக்கும். அவர்களுக்கே ஞாபகம் இருக்காது. ஆனால் முறிந்த அந்த வினாடியையே ஃபிலிமில் பார்த்தது இதுதான் முதல் தடவை. சிரிப்பு வரவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கீட்டனைச் சிறு வயதிலேயே பழக்கிவிட்டார்கள். அப்பா, அம்மா, பையன் மூவரும் மேடைக் கூத்து போட்டவர்கள். பையனின் சட்டையில் சூட்கேஸ் கைப்பிடியைத் தைத்து, அதைப் பிடித்து அப்பா தூக்கி எறிவார். எறிபட்டவன் சிரித்தால் கூட்டம் சிரிப்பதில்லை, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டால் சிரிக்கிறது. அதைக் குழந்தையிலேயே கண்டுபிடித்துவிட்டார். நம் கையில் இருக்கும் குழந்தை என்றால் போலீசைக் கூப்பிட்டிருப்போம்.

மூன்றாவது பெக்:

விழுந்ததைப் பற்றி எல்லாரும் எழுதுகிறீர்கள். நான் வேறு விழுதலைச் சொல்கிறேன்.

1928இல் கீட்டன் சொந்த ஸ்டுடியோவை விட்டு எம்.ஜி.எம். என்ற பெரிய ஹாலிவுட் கம்பெனிக்குப் போனார். போகாதே என்று சாப்ளினே சொன்னார் (கட்சிக்காரர் கவனிக்க). அங்கே கதை இவர் கையில் இல்லை, ஸ்டன்ட் இவர் கையில் இல்லை. குடி ஏறியது. 1932இல் விவாகரத்து, பையன்கள் அம்மாவின் குடும்பப் பெயருக்கு மாறினார்கள். 1933இல் வேலை போனது. பிறகு அதே எம்.ஜி.எம்மில் மற்றவர்கள் படத்துக்குச் சிரிப்புத் துணுக்கு எழுதித்தரும் ஆளாக, வாரம் நூறு டாலருக்கு.

என் அப்பாவும் குடித்தார். முடிந்துபோன விஷயம், விவரம் வேண்டாம். விட்டபிறகு சாயங்காலங்களில் கிளப்பில் சீட்டாடப் போவார். கை சரியில்லை, இந்த ஆட்டத்துக்கு நான் வரவில்லை என்பதற்கு ஒரே வார்த்தை: "ஸ்கூட்." அதற்குமேல் வாயே திறக்கமாட்டார். அவர் இறந்த வருஷம், தூக்கம் வராத ஒரு ராத்திரி 'சன்செட் பூலவார்ட்' (1950) பார்த்துக்கொண்டிருந்தேன். மறக்கப்பட்ட மௌனப்பட நட்சத்திரங்கள் சீட்டாடும் காட்சியில் கீட்டன் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. வீங்கிய முகம். "பாஸ்" என்கிறார். கொஞ்சம் கழித்து மறுபடி "பாஸ்". அவ்வளவுதான் அவர் வசனம். டிவியை அணைத்துவிட்டு பால்கனிக்குப் போய் நின்றேன்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டது: நிஜத்தில் கீட்டன் பிரிட்ஜ் என்ற சீட்டாட்டத்தில் கெட்டிக்காரர். எலனர் நாரிஸ் என்ற நடனக்காரப் பெண் பிரிட்ஜ் கற்றுக்கொள்ளப் போய்த்தான் பழக்கம். 1940இல் கல்யாணம், அவளுக்கு 21, இவருக்கு 44. வேண்டாம் என்று எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். கடைசிவரை கூட இருந்தாள்.

ஒரிகன்வாசி:

மூன்றாவது பெக், எழுதியதற்கு நன்றி. உங்கள் பெயரைப் பார்த்து வேறு எதையோ எதிர்பார்த்தேன்.

பொன்மலை ஐயாவுக்கு ஒரு கூடுதல் தகவல்: உட்லண்ட் ஹில்ஸ் வீட்டுத் தோட்டத்தில் கீட்டன் பொம்மை ரயில் போட்டிருந்தார். விருந்தாளிகள் மேஜையில் உட்கார்ந்தால் தின்பண்டம் ரயிலில் வரும்.

பொன்மலை ஷெட்:

அந்தத் தகவல் எனக்குப் புதிது. பேரனிடம் சொல்லிவிட்டேன், இனி வீட்டில் நிம்மதி இல்லை.

பதிலுக்கு நானும் ஒன்று தருகிறேன். 'தி ரெயில்ராடர்', கனடா அரசின் ஃபிலிம் போர்டு எடுத்த குட்டிப் படம், அரை மணி நேரம்கூட இல்லை, வசனமும் இல்லை. 1965இல் வந்தது. அதற்கடுத்த பிப்ரவரியில் மனுஷன் போய்விட்டார். லண்டனில் பேப்பரில் கனடாவுக்கு வாருங்கள் என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, பாலத்திலிருந்து தேம்ஸ் நதியில் குதிப்பார். அந்தக் கரையில் கனடாவில் எழுந்து வருவார். ஆளில்லாமல் நிற்கும் ஒரு மோட்டார் டிராலி கிடைக்கும். தண்டவாளத்தைப் பராமரிக்கும் எங்கள் இன்ஸ்பெக்டர், பி.டபிள்யூ.ஐ., லைன் பார்க்கப் போவாரே, கிட்டத்தட்ட அந்த மாதிரி வண்டி. அதில் உட்கார்ந்து கிழக்குக் கடலிலிருந்து மேற்குக் கடல்வரை போவார். டிராலியில் உள்ள பெட்டியிலிருந்து டீ கோப்பை, தலையணை, துப்பாக்கி என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே இருப்பார்.

அவருக்கு அப்போது 69. உயரமான பாலத்தில் டிராலி போகும்போது பெரிய வரைபடத்தை விரித்து, அது காற்றில் அடித்து மூஞ்சியை மூடிக்கொள்ளும், அப்படியே போவார். அதைச் செய்யவேண்டாம் என்று டைரக்டர் தடுத்ததும் இவர் கோபித்துக்கொண்டதும் தனி டாக்குமென்டரியாகவே இருக்கிறது, அதையும் பாருங்கள்.

கடைசியில் பசிபிக் கரையில் வண்டியை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தண்ணீருக்குள்ளிருந்து கோட்டும் சூட்டுமாக ஒரு ஜப்பான்காரர் எழுந்து வந்து, டிராலியில் ஏறி வந்த வழியே ஓட்டிக்கொண்டு போய்விடுவார். கீட்டன் திரும்பிப் பார்ப்பார், வண்டி இல்லை. தண்டவாளத்தோடு நடக்க ஆரம்பித்துவிடுவார், ஸ்லீப்பர் கட்டைமேல் கால் வைத்து.